வாசல் மிதித்த சக்கரம்

காதைக் கொடுங்கள், கதை சொல்கிறேன். மழை கேட்டால் பெய்த காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் செங்கோடன் என்றொரு குடியானவன் இருந்தான். ஆள் நல்லவன்தான். வீம்பு மட்டும் ஆளைவிட ஒரு முழம் உயரம்.

ஒரு ஆடி மாதம் அவனே ஒரு கலப்பை செய்தான். அதைப் பார்த்துத் தச்சர் மாரப்பன் சிரித்துவிட்டார். பாவம், கலப்பை அப்படித்தான் இருந்தது. செங்கோடனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனி என் கால் உம்ம வாசப்படிய மிதிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறுவடை வந்தது. முதல் நாளே அவன் அரிவாளின் பிடி பிளந்தது. தச்சர் வீடு கூப்பிடு தூரம்தான், ஆனால் போவானா? வண்டி நுகத்தடியின் பூட்டுக்கயிற்றில் பாதியை அறுத்துப் பிடியைச் சுற்றினான். அரிவாள் சுரைக்காய்க்கு மூக்கு முளைத்தது போல இருந்தது.

"ஏனுங்க, அப்ப மாட்டைப் பூட்டக் கயிறு?" என்றாள் மனைவி பாவாயி.

"அது அப்புறம் வேணுங்கறது. இது இப்ப வேணுங்கறது."

அடுத்துப் போரடிப்பு. மாடு கட்டும் முளைக்குச்சி முறிந்தது. வண்டியின் கடையாணியைப் பிடுங்கிக் களத்தில் அடித்தான்.

"ஏனுங்க, அப்ப சக்கரம் கழண்டுக்காதா?"

"அது அப்புறம். இது இப்ப."

கடைசியாக, நெல்லை வாரிக் குவிக்கும் பலகையின் கைப்பிடி கழன்றது. மூட்டை கட்ட வைத்திருந்த சணலையெல்லாம் எடுத்துக் கைப்பிடியை வரிந்து கட்டினான். பாவாயி வாயைத் திறந்தாள். அவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

ஒன்பது மூட்டை நெல். அந்த வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு அதுதான். வாய் கட்டாத மூட்டைகளை வண்டியில் ஏற்றி முடித்தபோது மலைக்கு மேல் கருமேகம் திரண்டது. இப்போது பார்த்து, அப்புறம் வேண்டியதெல்லாம் ஒன்றாக வேண்டியிருந்தது.

கழற்றித் திரும்ப மாட்ட நேரமில்லை; களத்திலிருந்து வீட்டுக்கு அப்படியே ஓட்டினான். தெரு இறக்கத்தில் வண்டி பத்தடி போனது. பூட்டுக்கயிறு பாதிதானே? இடது மாடு கழுத்தை உருவிக்கொண்டு வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. வலது சக்கரம் கழன்று தன்பாட்டுக்கு உருண்டது. சாய்ந்த வண்டியில் மூட்டைகள் வாய் பிளந்தன. நெல் தெருவில் கொட்டியது. ஊர்க் கோழியெல்லாம் விருந்துக்கு வந்துவிட்டன.

பாவாயி முந்தானையை வீசிக் கோழி விரட்ட, செங்கோடன் சக்கரத்தைத் துரத்தினான். அது கோயிலைத் தாண்டியது, குளத்தைத் தாண்டியது, வேறு வீடே கிடைக்காதது போல மாரப்பன் வாசற்படி ஏறி உள்ளே போய்ப் படுத்தது.

செங்கோடன் படிக்கு வெளியே ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றான்.

"மிதிச்சது நானில்ல, சக்கரம்" என்றான்.

"அப்ப நான் சக்கரத்துகிட்டயே பேசிக்கறேன்" என்ற மாரப்பன், அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். "வாங்க, வாங்க. இந்தப் பக்கம் பார்த்து எத்தனை நாளாச்சு? உங்க வீட்டுக்காரரு சௌக்கியமா?"

சக்கரம் பதில் சொல்லவில்லை. இடி சொன்னது. செங்கோடனின் மூக்கு நுனியில் ஒரு துளி விழுந்தது. மேலே தெருவில் பாவாயி தனியாக நெல்லை வாரிக்கொண்டிருப்பது தெரிந்தது. தூக்கிய காலைப் படிமேல் வைத்தான்.

"மாரப்பண்ணா, எனக்கு ஒரு கடையாணி வேணும். கயிறு வேணும், சணல் வேணும். நீயும் வேணும்."

மாரப்பன் சிரிக்கவில்லை. நான்கே வெட்டில் வேல மரத்தில் ஒரு கடையாணி செதுக்கினார். கயிற்றையும் சணலையும் தோளில் போட்டுக்கொண்டு, இருவரும் சக்கரத்தை உருட்டியபடி மேட்டில் ஓடினார்கள். மழை வலுப்பதற்குள் எட்டு மூட்டை வீடு சேர்ந்தது. ஒன்பதாவது கோழிகளின் வயிற்றில் இருந்தது.

மறுநாள் செங்கோடன் தச்சர் வீட்டுக்கு மறுபடியும் போனான், அந்தக் கலப்பையைத் தோளில் சுமந்துகொண்டு. இந்த முறை இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, வீம்புக்காக ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை ஒட்டவைப்பதைவிட, வேலை தெரிந்தவரிடம் போய் உதவி கேட்பதே மேல்.