குருணை காதைத் திறந்த கதை

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் சண்டைக்கும் பஞ்சமில்லை. புள்ளிமான்களும் மந்திகளும் ஒரே காட்டில், ஒரே தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஜென்மப் பகையாளிகளாக இருந்தன. காரணம் கேட்டால் இரண்டு கூட்டத்துக்கும் தெரியாது.

மரத்திலிருந்து மந்தி கத்தினால் மான் காதை மடக்கிக்கொள்ள வேண்டும் என்பது மான்களின் கட்டளை. மான் குரல் கொடுத்தால் மந்தி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

வெண்பொறி என்ற மான் இந்தக் கட்டளையை ஒருநாளும் மீறியதில்லை. போன கோடையில் தலைச்சன் குட்டியைப் புலிக்குப் பறிகொடுத்தவள் அவள். இப்போது மடியில் பால் குடிக்கிற குட்டிக்குக் குருணை என்று பெயர். முதுகில் நொய்யரிசி தூவியதுபோலப் புள்ளிகள். குட்டி எழுந்து நிற்கப் பழகும்போதே காதை மடக்கவும் பழக்கிவிட்டாள்.

ஒரு நண்பகலில் குட்டியைப் புல்லில் படுக்க வைத்துவிட்டு வெண்பொறி சற்றுத் தள்ளி மேய்ந்துகொண்டிருந்தாள். நாவல் மரத்தில் மந்தி ஒருத்தி திடீரென்று கத்தினாள். சடைச்சி என்பவள், கைக்குழந்தைக்காரி.

"ஆரம்பிச்சுட்டாளுங்க" என்று முணுமுணுத்தபடி மான்கள் எல்லாம் காதை மடக்கின. வெண்பொறியும்தான் மடக்கினாள். ஆனாலும் அந்தக் குரல் உள்ளே புகுந்துவிட்டது. அதில் கேலி இல்லை. தலைச்சனைத் தேடி அலைந்த அன்று தன் தொண்டையிலிருந்து வந்த குரல் அதுதான் என்று அவளுக்குப் பட்டது. சட்டென்று காதை நிமிர்த்தினாள்.

"அடியே, புலி வருதுடி! புல்லுல உன் புள்ள கிடக்கு, ஓடு!"

வெண்பொறி ஒரே பாய்ச்சலில் குட்டியிடம் வந்தாள். அது கண்ணையும் காதையும் இறுக மூடிக்கொண்டு சமர்த்தாகப் படுத்திருந்தது. மூக்கால் இடித்தாள். "காதைத் திறடி!"

"நீதானேம்மா மூடச் சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன், எந்திரி!"

தாயும் குட்டியும் ஓடியதைப் பார்த்து மந்தை முழுவதும் ஓடியது. புலி பாய்ந்த இடத்தில் புல் மட்டும்தான் இருந்தது. கொஞ்ச நேரம் உறுமிப் பார்த்துவிட்டுப் பசியோடு போய்விட்டது.

வெயில் தாழ்ந்ததும் வெண்பொறி நாவல் மரத்தடிக்கு வந்தாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

"நாங்க உங்களுக்கு ஆகாதவங்களாச்சே. ஏன் கத்தினே?"

"எனக்கும் மடியில ஒண்ணு இருக்கே. பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியலடி" என்றாள் சடைச்சி.

வெண்பொறிக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. "காத்து எங்க பக்கம் அடிச்சா, மரமேறுற சிறுத்தையோட வாடை எங்க மூக்குக்கு முன்னாலேயே தெரிஞ்சிடும். இனிமே நான் குரல் கொடுக்கிறேன். நீ முகத்தைத் திருப்பிக்காதே."

"சரி, முதல்ல இதைத் தின்னு. பால் ஊறட்டும்" என்று சடைச்சி ஒரு கொப்பை ஒடித்துக் கீழே போட்டாள். அவள் குழந்தை வாலைத் தொங்கவிட, குருணை அதை முகர்ந்து பார்த்துத் தும்மியது. இரண்டு தாய்களும் குட்டிகளைத் தடுக்கவில்லை.

அன்று முதல்தான் மந்தி உலுக்கிப் போடும் தழைக்கு மான் மரத்தடியில் காத்திருக்கிறது. ஆபத்து என்று இரண்டில் எது கத்தினாலும், கத்தியது யார் என்று பார்க்காமல் இரண்டும் ஓடுகின்றன.