கண்ணாடி வால்

தாமரைக் குளத்தின் ஓரத்தில், பாறைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு நீர்க்குழி இருந்தது. அதில் ஜிகினா என்ற சண்டை மீன் தனியாக வசித்தது.

ஜிகினா குளத்தில் பிறந்ததல்ல. ஒரு வீட்டில் கண்ணாடி ஜாடிக்குள் செல்லமாக வளர்ந்தது. வீட்டுக்காரர்கள் ஊர் மாறியபோது இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஜாடி போயும் ஜாடிப் பழக்கம் போகவில்லை. யாராவது தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அதற்கு! சிவப்பும் நீலமுமாகப் பாவாடை போல விரியும் தன் வாலை ஆட்டி ஆட்டிக் காட்டும். பார்க்க ஆளில்லாத நேரத்தில், வழவழப்பான பாறையில் தெரியும் தன் உருவத்தோடேயே சண்டைக்குப் போகும்.

"யாருடா நீ? என் இடத்துல உனக்கென்ன வேலை!" என்று செவுளை விரித்துக்கொண்டு பாயும். பாறைக்கா வலிக்கும்? வால்தான் கிழிந்தது.

வால் அழகில் மயங்கிய தவளைகள் தினமும் புழுக்களைப் போட்டன. ஜிகினா பாதியைத் தின்றது. மீதி அடியில் கிடந்து அழுகியது. அந்தத் தண்ணீர் பட்டு, கிழிந்த வாலின் ஓரம் வெளுத்தது. பிறகு கறுத்தது. பிறகு நூல் நூலாகப் பிரிந்து உதிர ஆரம்பித்தது.

பாறை இடுக்கில் ஒரு நண்டு இருந்தது. அதற்கு ஒரு கொடுக்கு பெரிது, மற்றது சிறிது.

"நண்டக்கா! என் வாலைக் கொஞ்சம் பாருங்களேன்!"

"பார்த்தேன், பார்த்தேன். அழுகுது. இப்படியே விட்டா வாலைத் தின்னு முடிச்சிட்டு உடம்புக்கு வரும். அப்புறம் நீ இருக்க மாட்டே!" என்றது நண்டு.

முணுமுணுத்துக்கொண்டே வேலையில் இறங்கியது. அழுகிய புழுக்களை இழுத்து வெளியே எறிந்தது. குளத்துத் தண்ணீர் வந்து போகும் வழியை அடைத்திருந்த சேற்றைத் தோண்டியது. கரையில் நின்ற பாதாம் மரத்தின் காய்ந்த இலைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து குழியில் போட்டது. இலை ஊற ஊறத் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது.

"ஐயையோ! இந்தத் தண்ணியில நான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேனே!"

"தெரிய வேண்டாம். பாறையில இருக்கிற உன் எதிரியும் தெரிய மாட்டான். இலைச் சாறு புண்ணுக்கு நல்லது. வாயை மூடிக்கிட்டுச் சும்மா கிட!"

ஜிகினா வேண்டாவெறுப்பாகக் கிடந்தது. சண்டை மீன்களின் வழக்கப்படி மூச்சுக்கு மேலே வரும்போதும் இலை நிழலிலேயே வந்து போனது. அழுகல் நின்றது. கறுப்பு ஓரம் மறைந்தது.

ஒரு நாள் காலையில் வாலைத் திரும்பிப் பார்த்த ஜிகினா அலறிவிட்டது. வாலின் ஓரத்தில் நிறமே இல்லை. கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரிந்தது!

"அக்கா! வாலு கரையுது!"

"மண்டு! அதுதான் புது வாலு. என் கொடுக்கு ஒடிஞ்சு மறுபடி முளைச்சப்போ வெறும் தோல் மாதிரிதான் மெத்துமெத்துன்னு வந்துச்சு. அப்புறம்தான் கெட்டியாச்சு. நிறம் பின்னால வரும், பொறு!" என்று சொல்லிவிட்டு நண்டு இரை தேடக் குளத்துக்குள் போய்விட்டது.

ஜிகினாவுக்கு மனம் ஆறவில்லை. அதன் புலம்பல் பாதாம் கிளையில் இருந்த மீன்கொத்தியின் காதில் விழுந்தது. ஜிகினாவைப் பிடிக்க அது வெகுநாளாகக் காத்திருந்தது; இலை போட்டதிலிருந்து குழிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

"யாரு, ஜிகினாத் தம்பியா அழறது? உன் அழகைப் பார்த்து எத்தனை நாளாச்சு! என்னப்பா ஆச்சு?"

ஜிகினா ஒன்று விடாமல் சொன்னது.

"வாலு கண்ணாடி ஆயிடுச்சா? அடடா! அது நோய் முத்தின அடையாளமாச்சே! அந்த நண்டு உன்னை நல்லா ஏமாத்திடுச்சு. என் அலகைப் பாரு, எவ்வளவு கூர்! ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டா நாளைக்கே பழைய நிறம் வந்துடும். அந்தக் குப்பையைத் தள்ளிட்டு மேல வா ராஜா!"

'ராஜா' என்ற ஒரு சொல் போதாதா? ஜிகினா இலைகளை மூக்கால் முட்டி முட்டி, நண்டு தோண்டிய வழியாகக் குளத்துக்குத் தள்ளியது. ஊறிக் கனத்த ஒரே ஒரு இலை மட்டும் அசையவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

ஜிகினா மேலே வந்து வாலை விரித்துக் காட்டியது.

"வைத்தியரே, வலிக்காம வெட்டுங்க!"

"வலிக்கவே வலிக்காது தம்பி. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கோ!"

மீனுக்கு இமை ஏது? ஜிகினாவுக்குக் கண்ணை மூடத் தெரியாது. அதைக் காப்பாற்றியது அதன் புத்தி அல்ல, அந்தத் திறந்த கண்தான். வால் ஓரத்துக்கு வரவேண்டிய அலகு நேராகத் தன் தலைக்கு வருவதை அது பார்த்தது. வெடுக்கென்று திரும்பி அந்த ஒற்றை இலைக்கு அடியில் பாய்ந்தது. உயிர் தப்பியது. புதிதாக முளைத்த வால் முழுவதும் மீன்கொத்தியின் அலகில் போனது.

இருட்டுவதற்குள் நண்டு திரும்பி வந்தது. பார்த்ததும் நடந்தது புரிந்துவிட்டது.

"அக்கா..." என்றது ஜிகினா. "வாலு மறுபடியும் வருமா?"

"வரும். ஆனா முதல்லேருந்து!"

காற்றில் ஒரு பாதாம் இலை குழி ஓரத்தில் வந்து விழுந்தது. அதை ஜிகினா தானே வாயால் கவ்விக் குழிக்குள் இழுத்துக்கொண்டது.

இலைகள் சேரச் சேரத் தண்ணீர் மறுபடி தேநீர் நிறமானது. வாலின் ஓரத்தில் மறுபடி கண்ணாடி முளைத்தது.

"தம்பி ஜிகினா! வாலு இப்போ எப்படியிருக்கு?" என்று கிளையிலிருந்து குரல் வந்தது.

குழியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஜிகினா இலைக்கடியில், நிறமில்லாத அந்த ஓரத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது.

ஆறத் தொடங்கும் புண் பார்க்க அழகாக இருக்காது. அதைக் கண்டு பயந்து அவசர வைத்தியத்துக்கு ஓடுகிறவர்கள் ஆறியதையும் சேர்த்து இழப்பார்கள்.