நூற்றெண்பது அடிக்குப் பின்னால் ஒரு குரல்

வட்டத்துக்கு முனை கிடையாது என்று கணக்கு வாத்தியார்கள் சொல்வார்கள். அவர்களில் யாரும் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ரவுண்டானாவுக்குள் நுழைந்ததில்லை. டிரெய்லர் ஓட்டுநர் செங்கோடன் நுழைந்தவர். அவரைக் கேட்டால் வட்டத்துக்கு இரண்டு முனை என்பார். ஒன்று, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் இடம். மற்றது, நூற்றெண்பது அடிக்குப் பின்னால், இறக்கையின் வால் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். இங்கிருந்து அது தெரியாது. அவருடைய கவலைகள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன.

நீளமான வண்டி வளையும்போது தலை ஒரு பக்கம் போனால் வால் எதிர்ப்பக்கம் வீசும். தலை பத்தடி நகர்ந்தால் வால் மூன்றடி வெளியே பாயும். மூன்று வருடங்களுக்கு முன், யாரோ கை காட்டியதை நம்பி, செங்கோடன் ஒரு ரவுண்டானாவில் பத்தடி எடுத்தார். வாலருகே பூக்கூடையோடு நின்றிருந்தவருக்குத் தோளெலும்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு செங்கோடனுக்கு ஒரே சட்டம்தான். வாலோடு கூடவே நடந்து வரும் சுடலைமணி, வாக்கிடாக்கியில் "வாங்க, வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்வரை வண்டி நகரும். குரல் நின்றால் நிற்கும். பிறகு வேறு யார் சொன்னாலும் நகராது.

"நான் தூங்கிட்டா என்ன செய்வீய அண்ணாச்சி?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சுடலை கேட்டான்.

"நீ எந்திரிக்கிற வரைக்கும் நிப்பேன். சத்தியமா."

ஒருநாள் காலை பத்து மணிக்குத் தெற்கே ஒரு ஊரின் ரவுண்டானாவில் தலைமைக் காவலர் தனபாக்கியம் நான்கு சாலைகளையும் நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். பாதி வளைந்திருக்கும்போது குரல் மாறியது.

"நில்லுங்க அண்ணாச்சி. கொடிக்கம்பத்து மேடைக்கும் வாலுக்கும் நடுவுல நாலடி சந்து கெடக்கு. பைக்கெல்லாம் அதுல நுழையுது. வெரட்டிட்டுச் சொல்லுதேன்."

செங்கோடன் நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து வால் பக்கமிருந்து சைரன் சத்தம் கேட்டது. பாம்பு கடித்த ஒரு பெண்ணை ஏற்றிய ஆம்புலன்ஸ் அது. மருத்துவமனைச் சாலையின் வாயை வால் மறித்துக் கிடந்தது. நாலடிச் சந்தில் ஆள் போகலாம், ஆம்புலன்ஸ் போகாது.

"சுடலை, வரலாமா?" என்றார் செங்கோடன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். கருவி கரகரத்ததோடு சரி.

தனபாக்கியம் ஓடி வந்து கதவைத் தட்டினார். "வண்டிய எடுய்யா. பத்தடி முன்னாடி போனா பின்னாடி ஆம்புலன்ஸ் நுழைஞ்சிரும்."

"பின்னால ஆளு பேசலீங்க மேடம்."

"நான் பேசுறேனே, அது காதுல விழலையா? உள்ள ஒரு பொம்பளை மூச்சு முட்டிக் கிடக்கா."

"அவன் ஒரு வார்த்தை சொல்லட்டுங்க. எடுத்தர்றேன்."

"ஆம்புலன்ஸை மறிச்சேன்னுதான் கேஸ் எழுதப் போறேன். லைசென்ஸை எடு."

செங்கோடன் லைசென்ஸை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினார். இருபத்திரண்டு வருடச் சோறு அது. பிரேக்கிலிருந்து காலை மட்டும் எடுக்கவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்றும் நினைத்தார். இறங்கினால் தனபாக்கியம் வேறு ஒரு ஓட்டுநரை ஏற்றி வண்டியை நகர்த்திவிடுவார் என்று பட்டது.

சைரன் சட்டென்று நின்றது. சைரன் எதற்கெல்லாம் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நான்கு நிமிடம் கழித்துக் குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "வாங்க... வாங்க அண்ணாச்சி... வாங்க..."

ஊருக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டியதும் தனபாக்கியமும் பின்னாலேயே வந்துவிட்டார். சுடலைமணி அவர் முன்னிலையிலேயே நடந்ததைச் சொன்னான். ஆம்புலன்ஸில் ஊழியர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் அந்தப் பெண்ணின் முகத்தில் மூச்சுப் பையை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைத் தூக்க ஆளில்லை. சுடலை வாக்கிடாக்கியைச் சட்டைப்பைக்குள் போட்டான், தூக்கினான், நாலடிச் சந்து வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பினான்.

"போறதுக்கு முன்ன ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றார் செங்கோடன்.

"சொல்லியிருந்தா ஏன், எதுக்குன்னு கேப்பீய. இந்தம்மாவும் கேப்பாக. நான் பேசாம இருந்தா நீங்க நிப்பீயல்லா? அதான் பேசல."

தனபாக்கியம் கையிலிருந்த லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசகரே, உயிரைக் காக்க வண்டியை எடுக்கச் சொன்னவர் ஒருவர். அதே உயிரைக் காக்கத் தன் இடத்தை விட்டுப் போனவன் ஒருவன். சொன்ன சொல்லுக்காகச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தவர் ஒருவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சுடலைமணி என்று பலர் சொல்வார்கள். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்று நீங்களாகவே முடிவு கட்டியதால் வந்த விடை அது. கதை அதை இன்னும் சொல்லவில்லை. தனபாக்கியம் முன்னால் நின்றுகொண்டு பின்னால் நடப்பதைத் தீர்மானித்தார். அவர் சொன்னபடி பத்தடி எடுத்திருந்தால் வால் மூன்றடி வீசியிருக்கும். நாலடிச் சந்தில் மிச்சம் ஓரடி. அதற்குள் மூன்று பேரும் ஒரு ஸ்ட்ரெச்சரும். சுடலையோ இன்னொருவரின் சத்தியத்தை அவரைக் கேட்காமலே எடுத்து, அந்தப் பெண்ணின் உயிரை அதன்மேல் வைத்தான். செங்கோடனின் மனம் கொஞ்சம் இளகியிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். பின்னால் நடப்பது தனக்குத் தெரியாது என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர் செங்கோடன் ஒருவர்தான். ஆகவே அவர் செய்ததே சரி. அந்தப் பெண் பிழைத்தாள். பிழைக்காமல் போயிருந்தாலும் விடை இதுதான். தனபாக்கியமும் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ஊர் ரவுண்டானாவில் பாதி வளைவில் குரல் நின்றது. செங்கோடனும் நிறுத்தினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி, நூற்றெண்பது அடி நடந்துபோய், சுடலை அங்கே நிற்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தார்.