எலும்பு எழுதிய கடிதங்கள்

வேம்புலி என்று ஒருவர் இருந்தார். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். அவருடைய தொடை எலும்புக்குக் கடிதம் எழுதும் பழக்கம் இருந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை, எல்லோருடைய எலும்பும் எழுதும்.

வேம்புலி சாப்பிடும்போதெல்லாம் குடல் வாசல் வழியாகப் பாஸ்பேட்டுகள் உள்ளே வருவார்கள். எல்லோரும் கொத்தனார்கள். தேவையான பேரை எலும்பு வேலைக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சப்பேர் ரத்தத்தில் தங்கினால் ஆபத்து. கொத்தனாருக்குக் கை சும்மா இருக்காது. கால்சியத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுவர் எழுப்பிவிடுவார்கள். அதனால் எலும்பு சிறுநீரகத்துக்கு ஒரு வரி எழுதும்: "மிச்சப்பேரை வெளியே அனுப்பவும்." சிறுநீரகமும் அனுப்பிவிடும்.

ஒரு நாள் பாதிப்பேர் வெளியேறவில்லை. எலும்பு "அவசரம்" என்று எழுதியது. அப்புறம் "மிக அவசரம்". அப்புறம் ஒரு நாளைக்கு ஆயிரம் கடிதம். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அதற்குள் கொத்தனார்கள் இதயத்துக்குப் போகும் குழாயில் காம்பவுண்டுச் சுவர் கட்டி, ஈரம் காயட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கழுத்திலிருந்து, ரத்தத்தின் கால்சியக் கணக்கைப் பார்க்கும் பாராதைராய்டு சுரப்பி எட்டிப் பார்த்தது. ஆள் அரிசிமணி அளவுதான். குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்.

"அண்ணே, எழுதுனா சிறுநீரகத்துக்கு ஏறாது. நான் கத்துறேன் பாருங்க."

கத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. உடனே கடப்பாரையை எடுத்துக்கொண்டு எலும்பிடம் வந்தது.

"ஐயோ, என்னை ஏம்மா இடிக்கிறே?"

"இவங்க சுவர் கட்டிக் கட்டி ரத்தத்துல கால்சியம் கொறைஞ்சுபோச்சு. எல்லாம் நம்ம உடம்பைக் காப்பாத்தத்தான் அண்ணே, கொஞ்சம் ஆடாம நில்லுங்க."

இடிக்க இடிக்கக் கால்சியம் வந்தது. கூடவே, உள்ளே ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த பாஸ்பேட்டுகளும் உதிர்ந்து கூட்டத்தில் சேர்ந்தார்கள்.

"கூட்டம் இன்னும் கூடுதேம்மா!"

"அப்ப இன்னும் நல்லா கத்தணும்" என்று பாராதைராய்டு ஓங்கி ஒரு போடு போட்டது.

வெளியே வேம்புலிக்குக் கால் வலித்தது, உடம்பெல்லாம் அரித்தது. "எலும்புல சத்து இல்லைங்க. தினமும் ஆட்டுக்கால் சூப்பு குடிங்க" என்றாள் அவர் மனைவி செங்கமலம். வேம்புலி சூப்பைக் குடித்துவிட்டு, செரிக்கட்டும் என்று ஒரு கறுப்பு சோடாவும் குடித்தார். குடல் வாசலில் கொத்தனார்கள் லோடு லோடாக வந்து இறங்கினார்கள்.

எலும்புக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. தன்னிலிருந்து உதிர்ந்த துணுக்கு ஒன்றைப் பிடித்து, "அந்தத் திமிர் பிடிச்ச சிறுநீரகத்தை நீயே நேர்ல போய்க் கேளு. இப்படியே போனா நான் முறிஞ்சிடுவேன்னு சொல்லு" என்று அனுப்பியது.

துணுக்கு ரத்தத்தோடு ரத்தமாகப் போய்ச் சேர்ந்தது. பத்து லட்சம் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டிய சிறுநீரகத்தில் முக்கால்வாசிக்கும் மேல் மூடிக் கிடந்தன. மிச்சமிருந்தவை மூச்சு விடாமல் ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் கடிதங்கள். அத்தனையும் பிரித்துப் படிக்கப்பட்டிருந்தன.

"கடிதம் கிடைச்சும் ஏன் அனுப்பலே?"

"முதல் கடிதத்துலேயே புரிஞ்சுது. செய்யக் கை எங்கே இருக்கு?" என்றது சிறுநீரகம், தள்ளுவதை நிறுத்தாமல்.

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"இத்தனை கடிதத்துல ஒண்ணுலயாவது 'நீ எப்படி இருக்கே'ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

துணுக்குக்கு அழுகை வந்தது. "இதோ, போய் எலும்புகிட்ட சொல்லிடறேன்" என்று திரும்பியது.

"எங்கே போறே? நீயும் உதிர்ந்த பாஸ்பேட்டுதானே? போய் வரிசையில நில்லு."

துணுக்கு போய்க் கடைசியில் நின்றது. அதன் முறை வருவதற்குள், வேம்புலி நாற்காலியை விட்டு எழுந்தார், எலும்பு முறிந்தது. அப்போது அது எழுதிக்கொண்டிருந்த கடிதம், "நீயெல்லாம் ஒரு" என்ற இடத்தில் நிற்கிறது.