பிரபஞ்சத்தின் நடுவில் ஒரு ரெக்சின் பை

"அம்மா, ஒரு கணக்கு சரியா தப்பான்னு நீங்க பார்த்துச் சொல்லணும். ஆனா கணக்கை நீங்க பார்க்கக் கூடாது."

மடத்துச் சமையற்கட்டில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஞானசுந்தரி அம்மா நிமிர்ந்தார்.

எதிரில் நின்றவர் திருவேங்கடம். ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வுபெற்ற சர்வேயர். கக்கத்தில் பூட்டுப் போட்ட ரெக்சின் பை.

"உட்காருங்க ஐயா. என்ன கணக்கு?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். சுவரோரம் இருந்த மூட்டையின் மேல் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"பிரபஞ்சம் எங்கே ஆரம்பிச்சதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். அதோட நடு எதுன்னு. பத்தொன்பது வருஷ உழைப்பு. எல்லாம் இந்தப் பைக்குள்ள ஒரு நோட்டுல இருக்கு."

அம்மா சிரிக்கவில்லை.

அதுவே அவருக்கு உதைத்தது. மனைவி சிரித்தாள். மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்காத ஒருவர் எதற்கோ அடிபோடுகிறார் என்றுதானே அர்த்தம்? துறவுக்கு வருமுன் கல்லூரியில் கணக்கு நடத்தியவர் அம்மா, துறவி என்பதால் திருடவும் மாட்டார் என்று நம்பித்தான் பஸ் ஏறி வந்திருந்தார். இப்போது அந்த நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"முறையை மட்டும் சொல்றேன். நட்சத்திரக் கூட்டம் எல்லாம் விலகி ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொண்ணும் போற கோட்டைப் பின்னால நீட்டிக்கிட்டே வந்தா, எல்லாக் கோடும் ஒரு புள்ளியில முட்டும். அதுதான் நடு."

"வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"பதினேழு பேராசிரியர்களுக்குக் கடிதம் போட்டேன். ஒருத்தர்கூடப் பதில் போடலை. அமுக்கிட்டாங்க."

"கடிதத்துல கணக்கை எழுதினீங்களா?"

"எழுதுவேனா? கண்டுபிடிச்சுட்டேன்னு மட்டும் எழுதினேன்."

அம்மா அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"வேற யார் மேல சந்தேகம்?"

"பஸ்ல ஒரு நீலச்சட்டைக்காரன். வழி பூரா பையையே பார்த்துக்கிட்டு வந்தான். இங்கே உங்க சமையல்காரர் சடையப்பன். நான் வந்து உட்கார்ந்ததுல இருந்து மூணு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார்."

"அப்புறம்?"

திருவேங்கடம் தயங்கினார். "நீங்களும்தான்."

"பையைத் தரையில வையுங்க."

வைத்தார். ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

அம்மா முறத்திலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்து, நுனி பையைப் பார்க்கும்படி வைத்தார். "இது நீலச்சட்டை." இன்னொன்று. "இது சடையப்பன்." தள்ளி ஒரு பிடி. "பேராசிரியர்கள். பதினேழு இருக்கா பாருங்க." கடைசியாக ஒன்று. "இது நான்."

"சடையப்பன் இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றார் திருவேங்கடம். தொழில் புத்தி விடுமா? குனிந்து ஒவ்வொன்றாகத் திருத்தி வைத்தார்.

"இப்போ கோடு போடுங்க."

கண்ணாலேயே போட்டார். ஒரு கோடு பாக்கியில்லாமல் எல்லாம் பையின் பூட்டில் வந்து முட்டின.

"உங்க முறைப்படி, ஐயா, எது நடு?"

அவர் கை பூட்டைத் தொட்டது.

அம்மா குரல் கொடுத்தார். "சடையப்பா! இவர் பையை ஏன் எட்டி எட்டிப் பார்த்தே?"

சடையப்பன் கரண்டியோடு வந்து நின்றார். "பையையா? ஐயா உட்கார்ந்திருக்கறது அரிசி மூட்டை மேலம்மா. உலை கொதிச்சு எவ்வளவு நேரமாச்சு! எப்போ எழுந்திருப்பார்னு பார்த்தேன்."

திருவேங்கடம் துள்ளி எழுந்தார். சடையப்பன் அரிசியை அள்ளிக்கொண்டு போனார். அம்மா அவருக்கான வெண்டைக்காயை மூட்டையின் பக்கம் திருப்பி வைத்தார்.

"பஸ்ல கூட்டமா?"

"நெரிசல். நிற்கவே இடமில்லை."

"பை எங்கே இருந்துச்சு?"

"பக்கத்து சீட்டுல..."

நீலச்சட்டையை அவரே திருப்பி வைத்தார்.

பேராசிரியர்கள் பதினேழு பேரும் அப்படியே இருந்தார்கள். திருவேங்கடம் அந்த வெண்டைக்காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"கடிதத்தைப் பிரிச்சே பார்க்கலையோ?"

அம்மா முறத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

திருடியிருந்தால்கூடத் தேவலை என்று திருவேங்கடத்துக்கு இருந்தது. பத்தொன்பது வருஷம் கண்கொத்திப் பாம்பாகக் காத்த பையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பதினேழையும் அள்ளி முறத்தில் போட்டார். பையைப் பார்த்தபடி ஒரே ஒரு வெண்டைக்காய் கிடந்தது. அதையும் எடுக்கக் கை நீட்டினார்.

"அது இருக்கட்டும்," என்றார் அம்மா. "அந்தச் சந்தேகம் நிஜம். நீங்க வந்ததுல இருந்து அந்த நோட்டைப் பார்க்கணும்னுதான் எனக்கு ஆசை."

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"சாவியைக் குடுங்க."

இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார் திருவேங்கடம். இத்தனை வருஷமாக வராத ஒரு பயம் இப்போது வந்தது.

"அம்மா, தப்பா இருந்துட்டா?"

"அதைக் கேட்கத்தானே வந்தீங்க?"