பெல்ட்காரர் பேசாத நாள்

"நான் பேசினா ஆளுக ஏன் கேக்க மாட்டீங்கறாங்க, அம்மிணி?"

கேட்டவர் வெள்ளியங்கிரி. நொய்யல் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் மெசின்களை ஓட்டுகிற தோல் பெல்ட்டுகளைத் தைப்பவர், அங்கே சங்கச் செயலாளரும் அவர்தான். ஐம்பது தாண்டியும் வெண்கலத் தொண்டை.

மாராத்தாள் அதே மில்லில் நூலைச் சிட்டம் சிட்டமாகக் கழி சுற்றுகிறவள். அவருக்கு மகள் வயசு. ஆனாலும் சிக்கல் என்று வந்தால் அக்கம்பக்கத்து மில்லுக்காரர்கள்கூட அவளைத்தான் தேடி வருவார்கள். மேடை ஏறினதே கிடையாது அவள்.

ஷிப்ட் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பேசுனீங்கண்ணா?"

"உங்க கதவைப் பத்தித்தான்."

பெண்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று, அவர்கள் கழி சுற்றுகிற கூடத்தின் கதவை மேஸ்திரி வெளியிலிருந்து பூட்டத் தொடங்கியிருந்தார். பிள்ளைகள் எதிரே தொட்டில் கொட்டகையில். தாய்கள் உள்ளே.

பெண்கள் ஒருநாள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். கழி சுற்றாவிட்டால் நூல் தேங்கும், அவ்வளவுதான். மில் நிற்காது. இரண்டு பேருக்குச் சீட்டுக் கிழிந்தது.

நூற்பு ஆண்கள் நிறுத்தினால்தான் மில் நிற்கும். அவர்களோ, அது பொம்பளைங்க சமாச்சாரம் என்று பீடியை அணைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

"தெனமும் மில்லு கேட்டுல நின்னு தொண்டை கிழியக் கத்தறேன். கை தட்டறாங்க. சங்கு ஊதுனா போயிடறாங்க. எப்படிப் பேசோணும்னு நீ சொல்லு, அம்மிணி."

மாராத்தாள் முகத்தைத் துடைத்தாள்.

"சங்கு ஊதுனதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் உள்ள போவேன்."

"போயி?"

"பெல்ட்டு பாப்பேன்."

அவள் சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பேசாதீங்கண்ணா."

"அப்பறம்?"

அதற்குள் அவள் நாலெட்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை வெள்ளியங்கிரி கேட்டில் வாய் திறக்கவில்லை.

"என்னண்ணா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

வெயில் ஏறும் நேரத்தில், நூற்பு மெசின்கள் அத்தனையையும் ஓட்டுகிற பெரிய பெல்ட் அறுந்தது. ஆள் வந்து கூப்பிட்டான். தோல்வாரும் குத்தூசியும் எடுத்துக்கொண்டு ஓடினார். வழி கழிக்கூடத்தை ஒட்டித்தான்.

கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"அய்யா, யாருங்க அங்க? மாரு கட்டிக்கிச்சுங்க. கொளந்த அழுகுதுங்க."

தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். தினமும் யாரோ தட்டத்தான் செய்தார்கள். அதைத்தான் அவர் கேட்டில் பேசினார். பேசிவிட்டுத் தாண்டிப் போனார்.

இன்று கால் போகவில்லை.

கதவின் முன்னால் உட்கார்ந்தார். குத்தூசியை மடியில் வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி சாமியப்பன் மூச்சிரைக்க வந்தார்.

"யோவ், மில்லே நிக்குது. இங்க என்னய்யா பண்றே?"

"கதவைத் தொறங்க. தெச்சுத் தர்றேன்."

"வேலை போயிரும்."

"போகட்டுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டார் என்று.

மெசின் ஓடாததால் நூற்பு ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். என்ன தகராறு என்று பார்க்கத்தான் வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மில் ஓடுகிற இரைச்சலில் அவர்கள் அதைக் கேட்டதே இல்லை. வீறிட்டு, மூச்சுப் பிடித்து, மறுபடி வீறிட்டது. கொட்டகை வாசலில் பிள்ளை பார்க்கும் ஆயா அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சின்னான் என்ற முரட்டு ஆள், கேட்டில் அதிகம் சிரித்தவன், தலைத்துண்டை அவிழ்த்து உதறினான். வெள்ளியங்கிரிக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவன். அப்புறம் வந்தவர்களை யாரும் எண்ணவில்லை.

"இன்னொரு ஆளை வெச்சுத் தெச்சுக்கறேன்," என்றார் சாமியப்பன்.

"தெச்சுக்கங்க. மெசினை ஓட்டறதுக்கும் ஆளைக் கொண்டாங்க," என்றான் சின்னான்.

சாமியப்பன் ஆட்களைப் பார்த்தார். ஆபீஸ் பக்கம் பார்த்தார். மாடி ஜன்னலில் மானேஜர் நின்றிருந்தார். திறந்துவிடு என்பதுபோல் அவர் கையை மட்டும் அசைத்தார்.

சாவி திரும்பியது.

ஒரு பெண் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். மற்றவர்கள் அவள் பின்னே வந்தார்கள். கடைசியாக மாராத்தாள் வந்தாள். பூட்டைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மேஸ்திரி அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

முற்றம் முழுக்க ஆட்கள். எல்லோர் கண்ணும் வெள்ளியங்கிரி மேல்.

"பேசுங்கண்ணா!" என்றான் சின்னான். "இன்னைக்கு நீங்க பேசியே ஆகோணும்!"

வெள்ளியங்கிரி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். இப்படி ஒரு கூட்டம் அவருக்கு வாய்த்ததே இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

மாராத்தாள் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சத்தம் போடாதீங்கண்ணா. கொளந்த பால் குடிக்குது."