ஐப்பசி மூட்டம்

மலைப் பூங்காவின் வாசலுக்கு எதிரே சங்கரவடிவு அம்மாளின் ஆசிரமம். அவருடைய சீடர் நல்லபெருமாள் அவரைவிட மூத்தவர், பட்டாளத்தில் இருந்தவர். வீடு, வாசல், உத்தியோகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் மலையேறினார். கோபம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அன்று காலை அவர் கொதித்துப்போய் உள்ளே வந்தார்.

"அம்மா, இந்த ஜனங்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது? சித்திரையில் வந்து கூட்டம் என்கிறார்கள். ஆடியில் வந்து அட்டை கடிக்கிறது என்கிறார்கள். இப்போது ஒருவன், ஐப்பசி மழையில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, சிகரம் தெரியுமா என்று கேட்கிறான்!"

"நீர் என்ன சொன்னீர்?"

"மூட்டத்தைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய், திரும்பிப் போ, தையில் வா என்று சத்தம் போட்டேன். என் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டான். அந்தப் பெண்தான், ‘விடுங்க, போயிடலாம்’ என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்."

"அவள் எப்படி இருந்தாள்?"

"எப்படி என்றால்? தலையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவன் தாங்கிப் பிடித்துத்தான் காரிலிருந்து இறக்கினான். அப்படிப்பட்டவளை இந்தக் குளிரில் யாராவது..."

அம்மாள் எழுந்த வேகத்தில் மணை புரண்டது. குடைகூட எடுக்காமல் தூறலில் இறங்கி நடந்தார். நல்லபெருமாள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

வளைவில் இருந்த டீக்கடை முன்னால் அந்தக் கார் நின்றது. நல்லபெருமாளைக் கண்டதும் கணவன் பல்லைக் கடித்தான்.

"இன்னும் என்னய்யா வேணும் உனக்கு?"

அம்மாள் அவனைத் தாண்டிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார்.

"மேலே போவோமா, தாயே?"

அவள் தலையசைத்தாள்.

மேலே, காட்சி முனையில், எங்கும் வெள்ளை. சிகரமும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூறலுக்குக் காட்டினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். கணவன் கையிலிருந்த குடையை விரிக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நல்லபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாருங்கள், ஒரு மண்ணும் தெரியவில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? தையில் வந்தால் மலை முழுக்கத் தெரியுமே!"

அம்மாள் திரும்பினார். அந்த முகத்தில் அப்படியொரு கோபத்தை நல்லபெருமாள் ஒருநாளும் கண்டதில்லை. குரல் மட்டும் அந்தப் பெண்ணுக்குக் கேட்காதபடி தணிந்து வந்தது.

"அவளுக்கு ஒரு தை இருக்கிறதா என்று கேட்டீரா?"